அக்குளில் நிலா

மூன்றாவது தடவை படித்து முடிக்கும்வரை வென் சூலானின் சுரண்டுதகடு தாளின்மேல் படாது. விளக்குக் கம்பத்துக்கு முன்னால் நிற்கிறாள். வலது கையில் தகடு, இடது கையில் ஈரத்துணி, வெந்நீர் வாளியின் வெள்ளை மூடி இடது அக்குளில். உதடு மட்டும் அசைகிறது. அவளுடைய மூன்று சக்கர வண்டி பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் மின்சார ஸ்கூட்டர்காரன் ஹார்னை அமுக்கோ அமுக்கென்று அமுக்குகிறான். வென் அக்கா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு விரலை நீட்டுகிறாள். இன்னும் ஒரு தடவை பாக்கி என்று அர்த்தம். சீனாவின் ஆன்யாங் நகரத்து வடக்கு வாயில் தெருவில் அந்த விரலுக்கு யாராக இருந்தாலும் நின்றுதான் ஆக வேண்டும்.

இந்த மரியாதை எல்லாத் தாளுக்கும் கிடையாது. கம்பத்திலும் சுவரிலும் கண்டபடி ஒட்டப்படும் விளம்பரங்களைச் சுரண்டி எடுப்பதுதான் நகரசபை அவளுக்குக் கொடுத்திருக்கும் வேலை. ஒன்பது வருஷமாகச் செய்கிறாள். பூட்டுத் திறந்து தரப்படும், சாக்கடை அடைப்பு எடுக்கப்படும், வழுக்கையில் நாற்பதே நாளில் முடி முளைக்கும் என்பதையெல்லாம் அவள் படிப்பதுகூட இல்லை. ஒரே இழுப்பு, தாள் வாளிக்குள். "இந்த ஊர்ல பூட்டைத் திறக்கிறவன் ஆயிரம் பேர் இருக்கான். பூட்டிட்டு நிம்மதியாத் தூங்குறவன் ஒருத்தனைக் காட்டு பார்ப்போம்" என்பாள். அப்படிச் சொல்லும்போது தகட்டை நீட்டிக் காட்டுவாள், அதனால் யாரும் காட்ட முன்வருவதில்லை.

சிவப்புத் தாள் என்றால்தான் ஆள் மாறிவிடுவாள். ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுகிற கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒட்டுகிற தாள் அது. எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி அழுமூஞ்சி இருக்கிறான், வழியோடு போகும் நல்லவர்களே, இதை மூன்று முறை வாசித்துவிட்டுப் போனீர்களானால் அவன் விடியும்வரை தூங்குவான் என்று நாலு வரி எழுதி, நாற்சந்தியில் ஒட்டிவிடுவார்கள். மருந்து கொடுக்க டாக்டர் இருக்கிறார், இல்லையென்று யார் சொன்னது? அவர் வீட்டுக் குழந்தை அழுதபோது அவருடைய மாமியாரே வந்து தபால் நிலையத்துக் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போனதை வென் அக்கா பார்த்திருக்கிறாள். டாக்டரிடம் அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஊசி போடுகிற கையோடு எதற்கு வம்பு?

"நல்லவங்களேன்னு கூப்பிட்டிருக்கான். நம்மள வேற எவன் அப்படிக் கூப்பிடுறான்? மூணு தடவை படிச்சா வாய் வலிச்சிடுமா?" என்பது அவளுடைய வாதம். படித்து முடித்தபின் கடமை கடமைதான். ஈரத்துணியால் ஒத்தடம், பிறகு தகடு.

பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம்தான் இருந்தாள். மீதிப் படிப்பெல்லாம் கம்பத்தில். சீனத்தில் ஒரு எழுத்தே ஒரு சொல், கோடு கோடாக எழுதுவது. மற்றவர்கள் அதை முதல் கோட்டிலிருந்து கற்றுக்கொள்வார்கள். வென் அக்கா கடைசிக் கோட்டிலிருந்து கற்றுக்கொண்டாள், ஏனென்றால் அவள் சுரண்ட ஆரம்பிப்பது வலது கீழ் மூலையில். எந்த எழுத்து எப்படிப்பட்டது என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. 'வீடு' சட்டென்று வந்துவிடும். 'அவசரம்' ஒட்டிக்கொண்டு படுத்தும். 'இலவசம்' ஊதினாலே உதிரும், "அதுல ஏது சத்தியம்?" 'இரவு'தான் பொல்லாதது. எட்டுக் கோடு. மேலே கூரை மாதிரி ஒன்று, இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஆள், வலப்பக்கம் சாய்ந்த பிறை, அதன் அடியிலிருந்து வால் மாதிரி நீளும் ஒரு கோடு. அந்த வாலில் தகடு பட்டதும் தாள் முரண்டு பிடிக்கும்.

முரண்டு பிடிப்பது தாள் இல்லை, மெங் தேஷெங்கின் கோந்து. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் மெங். ஓட்டல் பட்டியலிலிருந்து கல்யாணப் பத்திரிகைவரை எல்லாவற்றையும் இயந்திரத்தில் அச்சடித்துத் தள்ளுகிறவர், அழும் குழந்தைக்கான தாளை மட்டும் தூரிகையால் கையால் எழுதுவார். கேட்டால், எழுதும் கை கொஞ்சம் நடுங்கினால்தான் படிக்கிறவன் மனசு இரங்கும் என்பார். கோதுமைக் கஞ்சியில் வெள்ளைக் கோந்தையும் இன்னும் எதையோ ஒன்றையும் கலந்து, தாளோடு ஒரு கிண்ணம் இனாமாகக் கொடுப்பார். அந்த 'எதையோ' என்ன என்று ஒன்பது வருஷமாகச் சொல்ல மாட்டேனென்கிறார். வாரம் ஒரு தடவையாவது வென் அக்கா கடை வாசலில் வண்டியை நிறுத்தி அவரை வாழ்த்திவிட்டுப் போவாள்.

"மெங் அண்ணே, உன் கோந்து நாசமாப் போக! கம்பம் பேந்து வருது, தாள் வரமாட்டேங்குது."

"கோபப்படாதம்மா சூலான். உள்ள வா, வெந்நீர் குடி. நீ சுரண்டுற எழுத்து என்னன்னு தெரிஞ்சா கை தானா மெதுவாகும்."

அப்படி உள்ளே போன ஒரு நாள்தான் மெங் கடைக் கண்ணாடியில் விரலால் தண்ணீர் தொட்டு 'இரவு' எழுத்தின் பழைய வடிவத்தை வரைந்து காட்டினார்.

"பாரு. ஒரு ஆள் காலை அகட்டி நிக்கிறான். ரெண்டு அக்குள்லயும் ஒவ்வொரு புள்ளி. அதான் அக்குளுக்கு எழுத்து. அதுல ஒரு புள்ளியை எடுத்துட்டு அங்க பிறையை வச்சான். ராத்திரி ஆயிடுச்சு."

"நிலாவை அக்குள்ல இடுக்கிட்டு நிக்கிறானா? ஜில்லுனு இருக்காது?"

"படிச்சவங்க என்ன சொல்றாங்கன்னா, பிறை அர்த்தத்துக்கு, அக்குள் வெறும் சத்தத்துக்கு, எப்படி உச்சரிக்கணும்னு காட்டத்தான்னு."

"அக்குள்ல உள்ளங்கைய வச்சு அமுக்கினா வருமே, அந்தச் சத்தமா?"

பிரதி எடுக்க வந்திருந்த நாலு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மெங் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை. மூவாயிரம் வருஷத்துக்கு முன் ராஜாக்கள் எலும்பில் கீறவைத்த எழுத்தைத் தோண்டியெடுத்த ஊர் இது. பிஸ்கட் டப்பாவிலிருந்து பொதுக் கழிப்பறைவரை அந்த எழுத்தைப் போட்டு அழகு பார்க்கிற ஊர். இங்கே எழுத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினால் மரியாதை கெட்டுவிடும். ஆனால் மெங் நாணயமானவர். நம்மூர் எலும்புகளில் அவர் பார்த்தவரை இரவுக்கு வெறும் பிறைதான் இருக்கிறது, அக்குள்காரன் பிற்காலத்து வெண்கலப் பாத்திரங்களில்தான் வருகிறான் என்பதை அவரே வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

"அடப் பாவமே, முழு ராத்திரி இல்லாமலே நம்ம ராஜாக்கள் காலத்தை ஓட்டியிருக்காங்க. அதான் தூக்கம் வராம எலும்பைக் கீறிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க" என்றாள் வென் அக்கா.

"வெண்கலத்துல என்ன எழுதியிருக்கான் தெரியுமா? காலையும் இரவும் கடமையில சோரமாட்டேன்னு அதிகாரிங்க சத்தியம் பண்ணியிருக்காங்க."

"அப்பவும் சத்தியம் பண்ணினவன் ஒருத்தன், வேலை பார்த்தவன் இன்னொருத்தன். சரி, நான் கிளம்புறேன்."

அவள் வாசலைத் தாண்டும்போது மெங் கடைசியாக ஒன்று சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய அகராதியில் இந்த எழுத்துக்கு இருட்டு என்று பொருள் போடவில்லை. தங்கல் என்று போட்டிருக்கிறது. உலகத்தில் உள்ளவர்களெல்லாம் ஓய்ந்து தங்குகிற நேரம், அதுதான் இரவு. மெங்கின் பாஷையில் அது, "ஊரே சுமையை இறக்கி வச்சிட்டு அப்பாடான்னு உட்கார்ற நேரம்."

வென் அக்கா இதற்குக் கேலி பேசவில்லை. வாளி மூடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னார். "இன்னொரு தடவை." அதையும் சொன்னார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்துதான் அந்தக் கிறுக்குத்தனம் ஆரம்பித்தது. சிவப்புத் தாளை மூன்று முறை படிப்பாள், எல்லா எழுத்தையும் சுரண்டுவாள், 'இரவு' ஒன்றை மட்டும் சதுரமாக வெட்டிக் கம்பத்திலேயே விட்டுவிடுவாள். "ஊரே இப்பத்தான் உட்கார்ந்திருக்கு, அதைப் போய் தகட்டால கிளப்பணுமா?" மூன்று வருஷத்தில் வடக்கு வாயில் தெருவின் கம்பங்களில் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு இரவு சேர்ந்துவிட்டது. பட்டப்பகலில் அந்தத் தெருவில் போனால் இருபத்துமூன்று இரவுகளைத் தாண்டித்தான் காய்கறிக் கடைக்குப் போக முடியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எண்ணி வைத்திருந்தார்கள்.

நகரசபைத் துப்புரவு மேஸ்திரி ஹாவும் எண்ணினார். நகரத் தூய்மைப் போட்டிக்காக மாகாணத்திலிருந்து பார்வையாளர்கள் வரப்போகிறார்கள் என்று தகவல் வந்ததும், அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"வென் சூலான்! இது என்ன, தெருவா, பரீட்சை நோட்டா? வெள்ளிக்கிழமை காலையில ஆளுங்க வர்றாங்க. கம்பத்துல, சுவத்துல, மரத்துல, கதவுல, எங்கயும் ஒரு எழுத்து இருக்கக் கூடாது. ஒண்ணு இருந்தாலும் இந்தத் தெரு உனக்கு இல்ல. மீன் சந்தைச் சாக்கடைக்குப் போயிடுவ."

"வேற எங்கயாவது இருக்கலாமா மேஸ்திரி?"

"வேற எங்க இருக்கும்? கிண்டலா?"

கிண்டல் இல்லை. வென் அக்காவுக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. மீன் சந்தைச் சாக்கடையில் படிப்பதற்கு ஒன்றும் கிடையாது. இந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாத கம்பம் இல்லை, எந்தக் கம்பத்துக்கு எந்தக் குழந்தை என்பதும் தெரியும். காலையில் பன்றி ரத்தத்தில் மாவு பிசைந்து பொரித்த ரத்தக் கேக்கின்மேல் பூண்டுத் தண்ணீரைக் கேட்காமலே ஊற்றுகிற கடைக்காரி இங்கேதான் இருக்கிறாள். ஒன்பது வருஷத்தில் வேறெங்கும் அவளுக்கு ஒரு விரல் மரியாதை கிடைத்ததில்லை.

வியாழக்கிழமை முழுக்க ஒவ்வொரு கம்பமாகப் போனாள். பாப்லர் மரத்துப் பஞ்சு தெருவெங்கும் பறந்துகொண்டிருந்தது; ஈரத் தாளில் ஒட்டி, தகட்டில் ஒட்டி, மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே வேலை பார்த்தாள். "இது மருந்துக்கடைக்காரன் பையன். இப்ப அவனை எழுப்புறதுதான் கஷ்டமாம். வரலாம், வா." சுரண்டினாள். "இது அந்த ரெட்டைப் பொண்ணுங்க. பால்வாடி போயிடுச்சுங்க. வா." சுரண்டினாள். டாக்டர் வீட்டுக் குழந்தையின் இரவைச் சுரண்டும்போது, "பெரிய இடம், பார்த்து வா" என்றாள். இருபத்துமூன்றும் வந்துவிட்டன. குழந்தைகளெல்லாம் வளர்ந்தாயிற்று, யாருக்கும் நஷ்டமில்லை.

பேருந்து நிறுத்தத்துக் கம்பத்துக்கு வந்தபோதுதான் கை நின்றது. அங்கே இருந்தது வெறும் எழுத்து இல்லை, முழுத் தாள். முந்தைய நாள் சாயங்காலம் ஒட்டியது. இருபத்தேழாம் எண் பேருந்து ஓட்டுகிற தாங் நிங்கின் வீட்டுத் தாள்.

நிங்குக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். பேருந்தில் ஓட்டுநரின் முகத்துக்கு எதிரே ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள், கொட்டாவி விட்டால் அது எண்ணும். ஏற்கனவே இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் ஸ்டீயரிங்கை விட்டு இறக்கி, பணிமனையில் இருக்கை துடைக்க அனுப்பிவிடுவார்கள். வென் அக்காவின் வாளியில் சேறு தெறிக்கக் கூடாதென்று ஒரு கஜம் தள்ளி நிறுத்துகிற ஒரே ஓட்டுநர் அவள்தான்.

நிங்கின் பேருந்து அப்போதுதான் வந்து நின்றது. கதவு திறந்தது. நிங்கின் கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி இருந்தது.

"அக்கா, அதை எடுக்கப் போறீங்களா?" என்று ஸ்டீயரிங்கிலிருந்தே கேட்டாள்.

"உத்தரவு."

"நேத்துதானே ஒட்டினோம். இன்னும் பத்துப் பேர்கூடப் படிச்சிருக்க மாட்டாங்க. எல்லாரும் போனைத்தான் பார்க்கிறாங்க. இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் அக்கா." பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்தது. சட்டென்று குனிந்து, செருப்பைச் சரிசெய்வது மாதிரி கேமராவின் கண்ணுக்குத் தெரியாமல் கொட்டாவி விட்டாள். நிமிர்ந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வென் அக்கா கம்பத்தைப் பார்த்தாள். மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவையும் படித்தாள், அது வழக்கமில்லை. பிறகு ஒன்பது வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். தகட்டைப் பைக்குள் போட்டாள். வெந்நீரில் துணியை நனைத்துத் தாளின்மேல் போர்த்தி, ஒரு பேருந்து வந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு நகத்தால், முதல் எழுத்தின் முதல் கோட்டிலிருந்து ஆரம்பித்து, உரித்தாள். தோசைக்கல்லில் மெல்லிய தோசையைக் கிழியாமல் எடுக்கிற பொறுமையோடு எடுத்தாள். முழுத் தாளும் கையோடு வந்தது. இரவின் வால்கூட அறுபடவில்லை.

நேராக மெங்கின் கடைக்குப் போனாள்.

"அண்ணே, உன் பாழாப்போன கோந்துல ஒரு கிண்ணம் குடு."

மெங்குக்குக் காது கேட்டதா இல்லையா என்று சந்தேகமாகிவிட்டது. "யாருக்கு? உனக்கா? எங்க ஒட்ட?"

வென் அக்கா திரும்பி நின்று, நகரசபை கொடுத்த ஆரஞ்சு நிற மேல்சட்டையின் முதுகைக் காட்டினாள். "கம்பம், சுவர், மரம், கதவு. மேஸ்திரி சொன்ன பட்டியல்ல முதுகு இல்ல."

மெங் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு சிரத்தையாகக் கோந்தைத் தடவி, இரண்டு கையாலும் நீவி ஒட்டினார். "விழாது. இதைச் சுரண்ட ஊர்லயே ஒருத்தியாலதான் முடியும். அவ முதுகு அவளுக்கு எட்டாது."

வெள்ளிக்கிழமை காலையில் வடக்கு வாயில் தெரு கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. கம்பத்தில் ஒரு எழுத்து இல்லை. ஆனால் தெருவில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. வென் அக்கா துடைப்பத்தோடு போகிற இடமெல்லாம் அவளுக்குப் பின்னால் ஒரு வால் மாதிரி அந்த முணுமுணுப்பும் போயிற்று. காய்கறிக் கூடைக்காரிகள் படித்தார்கள். ஸ்கூட்டர்காரன் முந்திப் போகாமல் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்து படித்தான். இருபத்தேழாம் எண் பேருந்து அவளுக்குப் பின்னால் ஆமை வேகத்தில் ஊர்ந்தது. முன் இருக்கைக்காரர்கள் கண்ணாடி வழியே படிக்க, பின் இருக்கைக்காரர்கள் "என்ன எழுதியிருக்கு, சத்தமாப் படிங்க" என்றார்கள். நிங் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"அக்கா, என்ன இது? உங்க வேலை போயிடும்!"

"நீ ரோட்டைப் பாரு. கேமரா இருக்கு" என்றாள் வென் அக்கா, திரும்பாமல்.

பத்து மணிக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள். ஆறு பேர். நடுவில் தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். அவர்தான் மதிப்பெண் போடுகிறவர் என்பது மற்றவர்கள் நடந்த விதத்திலேயே தெரிந்தது. ஹாவ் முன்னால் ஓடி ஓடிக் கம்பங்களைக் காட்டினார். பெரியவர் ஒவ்வொரு கம்பத்தையும் தடவிப் பார்த்தார், மரத்தைச் சுற்றி வந்தார், கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஹாவின் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தருகே பெரியவரின் நடை நின்றது. அவருக்கு முன்னால் பத்தடி தூரத்தில் ஆரஞ்சு மேல்சட்டை ஒன்று பெருக்கிக்கொண்டு போயிற்று. ஹாவ் அப்போதுதான் அந்த முதுகைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

"வென் சூ—"

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஹாவின் மூக்குக்கு நேரே ஒரு விரலை மட்டும் நீட்டினார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

வென் அக்காவுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. ஹாவின் குரல் பாதியில் அறுந்தது காதில் விழுந்தது. அதற்குப் பின்னால், மெதுவாக, பழக்கமில்லாத ஒரு குரல் நாலு வரியை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதும் விழுந்தது. இரண்டாவது தடவை. பெருக்குவதை நிறுத்தினாள். துடைப்பத்தை வண்டியில் சாய்த்தாள். வாளி மூடியை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, காலை அகட்டி நிமிர்ந்து நின்று, கடைசி வரி மடிப்பில் மறைந்திருக்குமோ என்று, வலது கையைப் பின்னால் கொண்டுபோய் மேல்சட்டையின் ஓரத்தைக் கீழே இழுத்துப் பிடித்தாள். மூன்றாவது தடவை முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.